கிராம சபையில கையெழுத்து மட்டும் போட்டுட்டு வர்றதுக்குப் பேரு ஜனநாயகமா?

ஏரிக்கரை ஆளு | ஆகஸ்ட் 16, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். நேத்து சுதந்திர தின கிராம சபைக்குப் போயிட்டு வந்தேன், ராத்திரி பூரா தூக்கமே வரல, அதான் இங்க வந்து கொட்டறேன், நீளமா போகும் பொறுத்துக்கோங்க.

எனக்கு 41 வயசு. சட்டமன்றம், பார்லிமெண்ட்னு ஒரு தேர்தல் விடாம ஓட்டுப் போட்டிருக்கேன், விரல் மையைப் பார்த்து சந்தோஷப்பட்டவன் நான். ஆனா கிராம சபைக்கு வாழ்க்கையில போனது ரெண்டே தடவைதான். ஓட்டர் லிஸ்ட்ல பேர் இருக்குற எல்லாருமே அந்த சபைக்கு உறுப்பினர்னு போன வருஷம்தான் எனக்குத் தெரியும். எம்எல்ஏ ஆகணும்னா தேர்தல்ல ஜெயிக்கணும், இதுக்கு 18 வயசு ஆனா போதும், அப்படி ஒரு சபையில நான் இத்தனை வருஷமா மெம்பரா இருந்திருக்கேன், அது எனக்கே தெரியல.

நேத்து என்ன நடந்துச்சுன்னா, 11 மணிக்கு கூட்டம்னு போட்டிருந்தாங்க, நான் பத்தரைக்கே போயிட்டேன். அப்பவே ஒரு நோட்டு சுத்துது. நூறு நாள் வேலைக்குப் போற அக்காங்க எல்லாம் வரிசையா வந்து கையெழுத்துப் போட்டுட்டு, கைநாட்டு வைக்கிறவங்க வச்சிட்டு, அப்படியே கிளம்பறாங்க. ஏன்க்கா உக்காரலையான்னு ஒருத்தங்க கிட்ட கேட்டேன், "கையெழுத்துப் போட்டாத்தான் வேலை குடுப்பாங்கன்னு சொன்னாங்க தம்பி, வீட்டுல வேலை கிடக்கு"ன்னாங்க. எங்க ஊராட்சி ஜனத்தொகை 3,000க்கு மேல, அதனால கோரம், அதாவது கூட்டம் செல்லணும்னா குறைஞ்சது வர வேண்டியது, 200 பேரு. பதினொன்னேகாலுக்கு நோட்டுல 200 தாண்டிருச்சு. உக்காந்திருந்தது நான் எண்ணிப் பார்த்தப்ப 38 பேரு.

அப்புறம் ஒரு பிரிண்ட் பேப்பரை வச்சுக்கிட்டு பொருள் ஒண்ணு, பொருள் ரெண்டுன்னு மளமளன்னு வாசிச்சாங்க. ஒவ்வொண்ணுக்கும் கடைசியில "ஏகமனதாகத் தீர்மானிக்கப்படுகிறது". யாருடைய மனசுன்னு தெரியல, எங்க யார்கிட்டயும் எதுவும் கேக்கல. வரவு செலவு வாசிக்கிறப்ப ஏரி வரத்துக் கால்வாய் தூர்வாருனதா ஒரு வரி வந்துச்சு. நான் அந்தக் கால்வாய் ஓரமா தினமும் ரெண்டு வேளை போறவன், அதுல கருவேல மரம் ஆள் உயரத்துக்கு நிக்குது. எழுந்து கேட்டேன். மேடையில இருந்தவர் சிரிச்ச முகமாத்தான் பதில் சொன்னாரு, "மனுவா எழுதிக் குடுங்க சார், மேல அனுப்பறோம்"னு. கிராம சபைக்கு மேல எது சார் இருக்குன்னு கேக்கணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு, கேக்காம உக்காந்துட்டேன். அதைத்தான் நினைச்சு நினைச்சு தூக்கம் போச்சு.

அந்த நோட்டுல என் கையெழுத்தும் இருக்கு. நான் ஒத்துக்காத தீர்மானத்துக்கும் என் கையெழுத்தே சாட்சி ஆகிருச்சு. இதை எப்படி எடுத்துக்கிறது, உங்க ஊர்லயெல்லாம் எப்படி நடக்குது, கொஞ்சம் சொல்லுங்க.

அரசமரத்தடி | ஆகஸ்ட் 16, இரவு 10.25

தம்பி, நீங்க எழுந்து கேட்டதே பெரிய விஷயம். பல ஊர்ல அந்த ஒரு கேள்வி கூட விழறதில்ல.

சட்டப்படி பார்த்தா கிராம சபைக்கு இருக்குற பலம் ரொம்ப ஜாஸ்தி. 73வது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஏப்ரல் 24ல நடைமுறைக்கு வந்துச்சு, அடுத்த வருஷமே நம்ம தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994 வந்துச்சு, அதுல 3ஆம் பிரிவே கிராம சபைதான். ஊராட்சித் திட்டத்துக்கு ஒப்புதல் தர்றது, பட்ஜெட், தணிக்கை அறிக்கை எல்லாம் அங்க வந்தாகணும். இதெல்லாம் நமக்குப் புதுசும் இல்ல. உத்திரமேரூர்ல முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கே, 919, 921 வாக்குல வெட்டுனது, 30 குடும்பு, நம்ம வார்டு மாதிரி, குடும்புக்கு ஒரு ஆளு, பேரை ஓலையில எழுதிக் குடத்துல போட்டு விவரம் தெரியாத சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்லுவாங்க. அதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது, முன்னாடி பொறுப்புல இருந்து கணக்குக் காட்டாதவன் மட்டும் இல்ல, அவனோட சொந்தக்காரனும் நிக்க முடியாது. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னாடி கல்லுல வெட்டி வச்சிருக்கான்.

செங்காந்தள் | ஆகஸ்ட் 16, இரவு 11.02

அரசமரத்தடி ஐயா, மரியாதையோட ஒண்ணு சொல்றேன், உத்திரமேரூரை ஒவ்வொரு தடவையும் கொண்டு வந்து நிறுத்தறப்ப எனக்கு மனசு ஒட்டவே மாட்டேங்குது. அது சதுர்வேதிமங்கலம், பிராமணர்களுக்குன்னு விட்ட ஊரு. வரி கட்டுற கால் வேலி நிலம் வேணும், சொந்த மனையில வீடு வேணும், வேதம் தெரிஞ்சிருக்கணும், வயசு 35ல இருந்து 70க்குள்ள. அந்த ஊர்ல உழுதவன், நெய்தவன், பறை அடிச்சவன் யாரு பேரும் அந்தக் குடத்துக்குள்ள போகல. பொம்பளைங்க பேச்சே இல்ல. கணக்குக் காட்டாதவன் நிக்கக் கூடாதுங்கறது நல்ல விதிதான், அதை எடுத்துக்குவோம், ஆனா அதை நம்ம ஜனநாயகத்தோட பூர்வீகம்னு சொன்னா எங்க தாத்தா எங்க நின்னாருன்னு நான் கேக்க வேண்டி வரும்.

அம்பேத்கர் 1948 நவம்பர் 4ஆம் தேதி அரசியல் நிர்ணய சபையில பேசினதை ஒரு தடவை படிங்க. கிராமங்கறது குறுகிய மனசும் அறியாமையும் வகுப்புவாதமும் குடியிருக்குற இடம், வரைவுச் சட்டம் கிராமத்தை விட்டுட்டு தனி மனுசனை அடிப்படையா எடுத்துக்கிட்டதுல எனக்கு சந்தோஷம்னு சொன்னாரு. அன்னைக்கு அதுக்கு எத்தனை எதிர்ப்பு! அதே மாசம் நம்ம பக்கத்து ஆளு கே. சந்தானம் திருத்தம் கொண்டு வந்து, அது இப்ப 40ஆவது பிரிவா இருக்கு, அரசு கிராமப் பஞ்சாயத்துகளை அமைக்கணும்னு.

அம்பேத்கர் எதுக்கு பயந்தாருன்னு மதுரை மாவட்டம் மேலவளவைப் பார்த்தா தெரியும். 1996ல தலைவர் பதவியைத் தலித்துக்கு ஒதுக்குனாங்க, முருகேசன் ஜெயிச்சாரு, 1997 ஜூன் 30ஆம் தேதி பட்டப்பகல்ல பஸ்ஸை மறிச்சு அவரையும் கூட இருந்தவங்களையும் வெட்டிக் கொன்னாங்க. எம்பி பதவிக்காக இல்ல, மந்திரி பதவிக்காக இல்ல, ஒரு ஊராட்சித் தலைவர் நாற்காலிக்காக. நான் அப்ப ஆறாம் வகுப்பு. எங்க வீட்டுல அன்னைக்கு அடுப்புப் பத்த வைக்கல.

அரசமரத்தடி | ஆகஸ்ட் 16, இரவு 11.31

நீங்க சொன்னதை ஏத்துக்கறேன். உத்திரமேரூர்ல யாரு உள்ள இருந்தாங்கன்னு சொல்லாம விதியை மட்டும் சொன்னது என் தப்பு. இனிமே சொன்னா ரெண்டையும் சேர்த்தே சொல்றேன்.

பழைய செயலர் | ஆகஸ்ட் 17, காலை 6.15

நான் ஊராட்சி செயலரா 27 வருஷம் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவன். ஏரிக்கரை தம்பி எழுதினதைப் படிச்சதும் அந்த மேடையில நானே உக்காந்திருந்த மாதிரி இருந்துச்சு, அதனால மறுபக்கத்தையும் சொல்லிடறேன். நியாயப்படுத்தறதுக்காக இல்ல.

அந்தப் பிரிண்ட் பேப்பர் ஊர்ல தயாராகறது இல்ல. ஒவ்வொரு கிராம சபைக்கும் முன்னாடி எந்தெந்தப் பொருளை விவாதிக்கணும்னு சென்னையில இருந்து சுற்றறிக்கை வரும், அது கலெக்டர் ஆபீஸ் வந்து, பிடிஓ, அதாவது வட்டார வளர்ச்சி அலுவலர், ஆபீஸ் வந்து, எங்க கைக்கு வரும். டெங்கு தடுப்பு, பிளாஸ்டிக் ஒழிப்பு, ஜல் ஜீவன், நூறு நாள் வேலை முன்னேற்றம்னு வரிசையா இருக்கும், எல்லாமே தேவையான விஷயம்தான். ஆனா மேலிடம் அனுப்புன பதினாலு பொருளை முடிக்கிறதுக்குள்ள ஒண்ணரை மணி நேரம் போயிரும், ஊரோட சொந்தப் பிரச்சனைக்கு "இதர பொருட்கள்"னு கடைசியில ஒரு இடம். அதுக்குள்ள பாதிப் பேர் எழுந்து போயிருப்பாங்க.

கோரம் விஷயம் எங்களுக்குப் பெரிய தலைவலி. 500 பேர் வரைக்கும் உள்ள ஊராட்சின்னா 50, 501ல இருந்து 3,000ன்னா 100, 10,000 வரைக்கும் 200, அதுக்கு மேல போனா 300. கோரம் இல்லன்னா கூட்டத்தை ஒத்தி வைக்கணும், ஒத்தி வச்சா விளக்கம் கேட்டு மெமோ வரும். அதனாலதான் வேலைத் தளத்துல இருந்து ஆளைக் கூட்டிட்டு வர்றது. கையெழுத்துப் போடலன்னா வேலை இல்லங்கறது சட்டத்துல எங்கயும் கிடையாது, அதைச் சொல்லி மிரட்டுறது தப்பு, என் காலத்துல நானும் அதைத் தடுக்கல. அதை இப்ப ஒத்துக்கறேன்.

தம்பிக்கு ஒரே ஒரு யோசனை. கூட்டத்துல பேசுனது எதுவும் நிக்காது, தீர்மானப் புத்தகத்துல ஏறினதுதான் நிக்கும். கூட்டம் முடியறதுக்குள்ள உங்க கேள்வியைத் தீர்மானமா எழுதச் சொல்லி, எழுதினதை உரக்கப் படிக்கச் சொல்லுங்க. எழுதி முடிச்ச பிறகு அதுக்குக் கீழ கையெழுத்துப் போடுங்க. வருகைப் பதிவு வேற, தீர்மானம் வேற, இது பாதிப் பேருக்குத் தெரியாது.

ஏரிக்கரை ஆளு | ஆகஸ்ட் 17, காலை 8.50

ஐயா ரொம்ப நன்றி. இத்தனை வருஷம் அந்தப் பக்கம் உக்காந்திருந்த ஒருத்தர் இப்படித் திறந்து பேசி நான் கேட்டதே இல்ல. இப்ப என் கேள்வி எழுதப்பட்டுச்சா இல்லையான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

பழைய செயலர் | ஆகஸ்ட் 17, காலை 9.05

தகவல் உரிமைச் சட்டத்துல கேளுங்க. 6(1) பிரிவுன்னு போட்டு, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, பிடிஓ ஆபீஸ் பொதுத் தகவல் அலுவலருக்கு ரிஜிஸ்டர் தபால்ல அனுப்புங்க. தீர்மான நகல், வருகைப் பதிவு நகல், அந்தக் கால்வாய் வேலையோட எஸ்டிமேட், செஞ்ச வேலையை அளந்து எழுதுற அளவுப் புத்தகம், இந்த நாலையும் கேளுங்க. "ஏன் செய்யல"ன்னு காரணம் கேக்காதீங்க, ஆவணத்தை மட்டும் கேளுங்க. 30 நாள்.

மாடிவீட்டு மல்லி | ஆகஸ்ட் 17, பகல் 1.20

நான் டவுன்காரி, நேத்து ராத்திரியில இருந்து இந்த இழையைப் படிச்சுக்கிட்டு இருக்கேன், எங்களுக்கு இந்த 38 பேர் கூட்டம் கூட இல்லங்கறதை சொல்லணும்னு தோணுச்சு. சென்னை மாநகராட்சியில 2016 அக்டோபர்ல இருந்து 2022 மார்ச் வரைக்கும் கவுன்சிலர்னு ஒரு ஆளே கிடையாது. 2019ல தண்ணிப் பஞ்சம் வந்து குடத்தோட லாரி பின்னாடி ஓடினப்பவும் இல்ல, 2020ல கொரோனா வந்தப்பவும் இல்ல. அஞ்சு வருஷத்துக்கு மேல ஒரு பெரிய ஊரு தனக்குன்னு ஒரு மேயர் இல்லாம இருந்துச்சு, அதைப் பத்தி பெருசா ஒரு கோபம் கூட வரல, எனக்கே வரலங்கறது இப்ப நினைச்சா உறுத்துது. 2022ல ஏரியா சபைக்கு, டவுன்ல கிராம சபை மாதிரி ஜனங்க கூடுறதுக்கு, விதி போட்டாங்க. எங்க வார்டுல எப்ப கூடுச்சுன்னு கேட்டா பக்கத்து வீட்டுல யாருக்கும் தெரியல.

எம்எல்ஏ தேர்தல் ஒரு மாசம் தள்ளிப் போனா டிவி பூரா அதேதான் ஓடும். உள்ளாட்சின்னா வருஷக் கணக்குல தள்ளிப் போனாலும் யாரும் கேக்கறது இல்ல, ஏன்?

அரசமரத்தடி | ஆகஸ்ட் 17, மாலை 5.45

நல்ல கேள்விம்மா. அரசியல் சட்டம் 243ஈ பிரிவு, அஞ்சு வருஷம் முடியறதுக்கு முன்னாடியே அடுத்த தேர்தலை நடத்தி முடிச்சாகணும்னு சொல்லுது. 2006ல கிஷன்சிங் தோமர் வழக்குல சுப்ரீம் கோர்ட்டும் அதையே சொல்லிருச்சு, தள்ளிப் போட சாக்கு தேடக்கூடாதுன்னு. நம்ம கிட்ட என்ன நடந்துச்சு? 2016 அக்டோபர்ல நடக்க வேண்டியதை இடஒதுக்கீடு அறிவிப்பு முறையா இல்லன்னு ஹைகோர்ட் ரத்து பண்ணுச்சு. அதுக்கப்புறம் மூணு வருஷம் தாண்டி 2019 டிசம்பர் 27, 30ல 27 மாவட்டத்துக்கு மட்டும் நடந்துச்சு. மிச்சம் 9 மாவட்டத்துக்கு 2021 அக்டோபர்ல. நகரங்களுக்கு 2022 பிப்ரவரி 19. ஒரு தேர்தலை மூணு துண்டா வெட்டி வச்ச மாதிரி ஆச்சு. 2019ல ஜெயிச்சவங்க பதவிக்காலம் 2025 ஜனவரி 5ல முடிஞ்சுது, அந்த ஊருங்கள்ல மறுபடி தனி அலுவலர், அதாவது தலைவர் இடத்துல பிடிஓவைப் போட்டாங்க. தமிழ்நாட்டுல 388 ஒன்றியம், 12,500 வாக்குல ஊராட்சி, சராசரியா ஒரு ஒன்றியத்துக்கு 32 ஊராட்சி வருது. ஒரு பிடிஓ அத்தனை ஊருக்கும் தலைவரா எப்படி இருப்பாரு, அவரும் மனுசன்தானே.

பக்கத்துல கேரளாவுல 1995ல இருந்து அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை தேர்தல் வந்துக்கிட்டே இருக்கு. 1996ல மக்கள் திட்டம்னு ஆரம்பிச்சு, மாநிலத் திட்ட நிதியில மூணுல ஒரு பங்குக்கு மேல உள்ளாட்சிக்குக் குடுத்தாங்க. அங்க கிராம சபையே வார்டு வார்டா கூடுது. ஆட்சி மாறி மாறி வந்தாலும் அதுல மட்டும் யாரும் கை வைக்கல.

ஏன் யாரும் கேக்கலன்னா, என் அபிப்பிராயம், தலைவர் பதவியும் வார்டு மெம்பர் பதவியும் கட்சிச் சின்னம் இல்லாத தேர்தல். ரோஸ் கலர் சீட்டுல தலைவருக்குக் குத்தறப்ப அங்க எந்தக் கட்சியும் இல்ல. கட்சிக்கு அதனால லாபம் கம்மி, இன்னும் சொல்லப்போனா ஊருக்குள்ள ஒரு பலமான தலைவர் வந்துட்டா எம்எல்ஏவுக்கு சங்கடம். இதை எல்லாக் கட்சிக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்.

முன்னாள் மெம்பர் | ஆகஸ்ட் 18, காலை 11.10

நான் இப்ப வரைக்கும் படிச்சுட்டு மட்டும் இருந்தேன். 2020ல இருந்து அஞ்சு வருஷம் வார்டு மெம்பரா இருந்தவ. 2016ல சட்டம் போட்டு பெண்களுக்கு பாதி இடம்னு ஆக்குனாங்க, அது 2019 தேர்தல்லதான் முதல் தடவையா நடைமுறைக்கு வந்துச்சு, அப்படி வந்தவதான் நானும். எங்க வார்டு பெண்கள் வார்டுன்னு ஆனதும் வீட்டுக்காரர்தான் என்னை நிக்கச் சொன்னாரு, உண்மையைச் சொல்லணும்னா அவரு நிக்க முடியாததால என்னை நிறுத்துனாரு.

முதல் ஆறு மாசம் கூட்டத்துக்கு அவரும் கூட வந்து பக்கத்து சேர்ல உக்காருவாரு. மினிட் நோட்டு வந்தா அவரு படிச்சுட்டு இங்க போடுன்னு காட்டுவாரு, நான் போடுவேன். ஒரு நாள் அவருக்கு காய்ச்சல், நான் மட்டும் போனேன். அன்னைக்கு நோட்டை நானே படிக்க வேண்டியதாப் போச்சு. எங்க தெருவுல போர் மோட்டார் மாத்துனதா எழுதியிருந்துச்சு, மோட்டார் மாத்தல, காயில் மட்டும்தான் கட்டுனாங்க, அது எனக்குத் தெரியும் ஏன்னா அந்த ரெண்டு நாளும் நான்தான் பக்கத்துத் தெருவுல இருந்து தண்ணி தூக்குனேன். அதைச் சொன்னேன். சத்தமா கூட சொல்லல. வரியை அடிச்சுட்டு மாத்தி எழுதுனாங்க. வீட்டுக்கு வந்து வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன், அவரு கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல, அடுத்த கூட்டத்துல இருந்து என்னை வாசல்ல இறக்கி விட்டுட்டு வெளிய வண்டியிலயே உக்காந்திருந்தாரு. அது எங்க ரெண்டு பேருக்குமே நல்லதா இருந்துச்சு.

இதை ஏன் சொல்றேன்னா, எந்த மோட்டார் ஓடுது எந்தக் குழாயில தண்ணி வரலங்கறது வீட்டுல இருக்குற பொம்பளைங்களுக்குத் தெரியற அளவுக்கு யாருக்கும் தெரியாது. அந்த நோட்டுல கைநாட்டு வச்சிட்டுப் போற அக்காங்களை உக்கார வச்சாலே பாதிக் கணக்கு சரியாயிரும். 11 மணிங்கறது அவங்களுக்குத் தோதான நேரமே இல்லங்க.

செங்காந்தள் | ஆகஸ்ட் 18, பகல் 12.30

அக்கா, நீங்க எழுதினதை எங்க அம்மாவுக்குப் படிச்சுக் காட்டுனேன். அம்மாவும் நூறு நாள் வேலைதான்.

நான் முந்தாநாள் அம்பேத்கரைச் சொன்னதால கிராம சபையே வேணாம்னு சொல்றதா யாரும் எடுத்துக்க வேணாம். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல்னு மதுரை, விருதுநகர் பக்கம் நாலு ஊரு. தலித் தலைவரா வரக்கூடாதுன்னு 1996ல இருந்து பத்து வருஷம் அங்க தேர்தலே நடக்க விடல, வேட்புமனு போட ஆள் வராது, வந்தாலும் ஜெயிச்ச அன்னைக்கே ராஜினாமா. 2006 அக்டோபர்லதான் முறையா நடந்துச்சு, அதுக்கு அரசாங்கமும் கலெக்டரும் இயக்கங்களும் எத்தனை மாசம் வேலை பார்த்தாங்க. 2021 அக்டோபர் 2ஆம் தேதி அதே பாப்பாபட்டியில முதலமைச்சர் வந்து கிராம சபையில உக்காந்தாரு. அம்பேத்கர் சொன்ன கிராமம் தானா மாறல, சட்டமும் இடஒதுக்கீடும் போலீஸும் சேர்ந்து உள்ள போனப்பதான் கொஞ்சம் நகர்ந்துச்சு. ஆக எனக்கு கிராம சபையும் வேணும், அதுக்கு மேல ஒரு அரசியல் சட்டமும் வேணும். ஒண்ணை மட்டும் வச்சுக்கிட்டு வாழ முடியாது.

இன்னும் ஒரு விஷயம், ஊராட்சி செக்ல தலைவரோட துணைத் தலைவரும் கையெழுத்துப் போடணும்னு விதி. தலைவர் பதவிக்கு ஒதுக்கீடு இருக்கு, துணைத் தலைவர் பதவிக்குக் கிடையாது. தலித் தலைவர் இருக்குற பல ஊர்ல அந்த ரெண்டாவது கையெழுத்துதான் கழுத்துக்கயிறு. மாசக் கணக்குல கையெழுத்துப் போடாம இழுத்தடிச்சு, தெருவிளக்கு பல்பு கூட மாத்த முடியாம, கடைசியில "இவருக்கு நிர்வாகம் தெரியல"ன்னு பேர் வாங்கிக் குடுப்பாங்க. எங்க பெரியப்பா மகன் அப்படித்தான் அஞ்சு வருஷத்தையும் முடிச்சாரு.

கரிசல்காரன் | ஆகஸ்ட் 19, இரவு 8.15

எல்லாம் சரிங்க, ஆனா நான் கேக்கறது நேரடியா ஒண்ணு. கிராம சபை தீர்மானம் போட்டா நடக்குமா? காஞ்சிபுரம் பக்கம் ஏகனாபுரத்துல பரந்தூர் விமான நிலையம் வேணாம்னு எத்தனை தடவை கிராம சபையில தீர்மானம் போட்டாங்க. நின்னுச்சா? அப்புறம் எதுக்கு நம்ம நோட்டுல எழுதச் சொல்லி சண்டை போடணும்.

அரசமரத்தடி | ஆகஸ்ட் 19, இரவு 9.50

கரிசல்காரர் கேக்கறது சாதாரணக் கேள்வி இல்ல, மழுப்பாம பதில் சொல்லப் பார்க்கறேன். ஒடிசாவுல நியம்கிரி மலையில பாக்சைட் வெட்டறதுக்கு எதிரா டோங்ரியா கோந்த் பழங்குடி மக்கள் போராடுனாங்க. 2013 ஏப்ரல் 18ல சுப்ரீம் கோர்ட், கிராம சபைகிட்டயே கேளுங்கன்னு தீர்ப்பு சொல்லுச்சு. 12 ஊர்ல சபை கூடுச்சு, 12ம் வேணாம்னு சொல்லிருச்சு, அதோட திட்டம் நின்னுச்சு. அது ஏன் செல்லுபடி ஆச்சுன்னா 2006 வன உரிமைச் சட்டம் அந்த சபைக்குத் தனியா அதிகாரம் குடுத்திருந்துச்சு. ஏகனாபுரத்துக்கு அப்படி ஒரு சட்டம் பின்னாடி இல்ல, அங்க தீர்மானம் மக்களோட கருத்தா மட்டும்தான் பார்க்கப்படுது. அது தப்புன்னுதான் நான் நினைக்கிறேன், நிலத்தை எடுக்கறதுக்கு முன்னாடி அந்த ஊரு சபையோட சம்மதம் கட்டாயம்னு இருக்கணும்.

ஆனா வெறும் கருத்துன்னும் ஒதுக்கிற முடியாது. மதுரை அரிட்டாபட்டி டங்ஸ்டன் சுரங்க விவகாரத்தைப் பாருங்க. 2024 நவம்பர்ல அந்தச் சுத்துவட்டார ஊருங்க கிராம சபையில எதிர்ப்புத் தீர்மானம், டிசம்பர் 9ல சட்டமன்றத்துல தீர்மானம், 2025 ஜனவரியில ஜனங்க மதுரைக்கு நடந்தே வந்தாங்க, 23ஆம் தேதி மத்திய அரசு ஏலத்தை ரத்து பண்ணுச்சு. தீர்மானம் மட்டும் போதல, தெருவுக்கும் வரணும் போலருக்கு. ஆனா அந்தத் தீர்மானம் முதல்ல எழுத்துல இருந்ததாலதான் எல்லாரும் கையில பிடிச்சுக்க ஒரு காகிதம் கிடைச்சுது.

கரிசல்காரன் | ஆகஸ்ட் 19, இரவு 10.20

அரிட்டாபட்டிக்கு ஊரே எழுந்துச்சு, சரி. கால்வாய்ல கருவேல மரம் நிக்குதுன்னு யாரு எழுவா? பெரிய அநியாயத்துக்கு கூட்டம் சேரும், சின்னச் சின்ன அநியாயத்துக்குத்தான் ஆள் இல்ல. அந்தக் கவலையிலதான் கேட்டேன், சண்டைக்கு இல்ல.

பழைய செயலர் | ஆகஸ்ட் 20, காலை 6.40

அதுக்குத்தான் ராஜஸ்தான்ல மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன்ங்கற தொழிலாளி, விவசாயி அமைப்புக்காரங்க ஒரு வழி காட்டுனாங்க. 1994 கடைசியில கோட் கிரானாங்கற ஊர்ல ஜன சுன்வாய்னு, மக்கள் விசாரணைன்னு வச்சுக்கோங்க, பந்தல் போட்டு, பஞ்சாயத்து பில்லை ஜனங்க முன்னாடி வாசிச்சுக் காட்டுனாங்க. இன்னாருக்கு இத்தனை நாள் கூலின்னு வாசிச்சா, அந்த ஆளே எழுந்து நான் அந்த வேலைக்குப் போகவே இல்லன்னு சொல்லுவாரு. நம்ம காசு நம்ம கணக்குங்கறதுதான் அவங்க கோஷம். சின்ன விஷயம்தான், கூலியும் சிமெண்ட் மூட்டையும்தான். அங்க இருந்து வளர்ந்துதான் 2005ல தகவல் உரிமைச் சட்டம் வந்துச்சு. 2005 நூறு நாள் வேலைச் சட்டத்துல 17ஆம் பிரிவு, சமூகத் தணிக்கையை கிராம சபை நடத்தணும்னு சொன்னதும் அதே வேர்தான்.

நம்ம பக்கத்துலயும் நல்ல உதாரணம் இருக்கு, குறையை மட்டும் பேசக்கூடாது. மேட்டுப்பாளையம் பக்கம் ஓடந்துறை ஊராட்சி 2006ல 350 கிலோவாட் காத்தாலை சொந்தமா வாங்குச்சு, பேங்க் கடன் போட்டு, மிச்ச கரண்டை மின்வாரியத்துக்கே வித்துச்சு. திருவள்ளூர் குத்தம்பாக்கத்துல இளங்கோ 1996ல தலைவரா வந்து, ரெட்டை வீடு கட்டி ஒரு பக்கம் தலித் குடும்பம் மறுபக்கம் மத்த சாதிக் குடும்பம்னு குடி வச்சாரு. சுவர் ஒண்ணு, குடும்பம் ரெண்டு. அந்த மாதிரி ஒரு யோசனை மேல இருந்து சுற்றறிக்கையா வராது.

முன்னாள் மெம்பர் | ஆகஸ்ட் 20, காலை 10.00

ஐயா, இன்னொண்ணையும் சொல்லுங்க, பணமே ஊராட்சி கையில முழுசா இல்லங்கறதை. 15ஆவது நிதிக்குழு மானியத்துல நூத்துக்கு அறுபது தண்ணிக்கும் சுகாதாரத்துக்கும்னு கட்டிப் போட்டுதான் வந்துச்சு, மிச்சம் நாப்பதுதான் நம்ம இஷ்டம், அதுலயும் கரண்ட் பில்லு போயிருச்சு. எங்க வார்டு ரோட்டுக்கு அஞ்சு வருஷம் கேட்டேன், கடைசி வரைக்கும் போட முடியல. ஜனங்க என்னைத்தான் திட்டுனாங்க, திட்டட்டும், நான்தானே பக்கத்துல இருந்தேன்.

மாடிவீட்டு மல்லி | ஆகஸ்ட் 21, இரவு 7.30

மாநகராட்சிக்கு ஆர்டிஐ போட்டுட்டேன், எங்க வார்டு ஏரியா சபை எந்தெந்த தேதியில கூடுச்சு, நடவடிக்கைக் குறிப்பு நகல் வேணும்னு. வாழ்க்கையில முதல் ஆர்டிஐ. இதைப் படிக்கலன்னா போட்டிருக்க மாட்டேன். பதில் வந்ததும் சொல்றேன்.

ஏரிக்கரை ஆளு | செப்டம்பர் 17, இரவு 9.15

எல்லாருக்கும் வணக்கம். செயலர் ஐயா சொன்ன மாதிரி தகவல் உரிமையில கேட்டதுக்கு 29ஆவது நாள் பதில் வந்துச்சு. 11 பக்கம், பக்கத்துக்கு 2 ரூபா.

தீர்மான நகல்ல என் பேரு இல்ல, கேள்வியும் இல்ல. "பொதுமக்கள் தெரிவித்த கோரிக்கைகள் குறித்து விவாதிக்கப்பட்டது"ன்னு ஒரே வரி. வருகைப் பதிவுல 214 பேர். அதுல ஒரு பேரைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் அடுத்த பக்கம் திருப்ப முடியல, எங்க தெரு பெரியவர், போன மாசி மாசம் தவறிட்டாரு, நான்தான் கொள்ளிச்சட்டிக்கு நெருப்பு எடுத்துக் குடுத்தேன். அவர் பேருக்கு நேரா ஒரு கையெழுத்து இருக்கு.

அளவுப் புத்தகத்துல கால்வாய் 620 மீட்டர் தூர்வாருனதா இருக்கு. ஞாயித்துக்கிழமை நானும் என் மச்சானும் டேப்பு வச்சு அளந்தோம். கருவேலம் இல்லாம சுத்தமா இருக்கறது ரோட்டை ஒட்டி இருக்குற 90 மீட்டர் மட்டும். போட்டோ எடுத்து வச்சிருக்கேன், நகல் எடுத்து ஒன்றியத்துக்கும் கலெக்டர் மனு நாளுக்கும் தனித்தனியா போட்டுட்டேன்.

மெம்பர் அக்கா சொன்னது மனசுல இருந்துச்சு. அன்னைக்கு கைநாட்டு வச்சிட்டுப் போனாங்களே அந்த அக்கா, அவங்க வீட்டுக்குப் போயி அந்த நகலைக் காட்டி வாசிச்சேன். அவங்க கேட்ட முதல் கேள்வி, "எங்க குழு எத்தனை நாள் வேலை செஞ்சதா இதுல போட்டிருக்கு?" அது நான் வாங்குன 11 பக்கத்துல இல்ல. அதனால ரெண்டாவது மனு இப்ப அந்த அக்கா பேர்லயே எழுதிக்கிட்டு இருக்கோம், கையெழுத்துப் போடறதுக்கு அவங்க பேத்தி கிட்ட மூணு நாளா எழுதிப் பழகறாங்க.

பழைய செயலர் ஐயா, ஒரு சந்தேகம். அடுத்த கிராம சபையில நாங்க குடுக்குற தீர்மானத்தை எழுத மாட்டேன்னு சொன்னா, அங்கயே தனிப் பேப்பர்ல எழுதி வந்தவங்க எல்லாரும் கையெழுத்துப் போட்டு, கூட்டத்தைப் பார்க்க அரசு அனுப்புற பற்றாளர்கிட்ட குடுத்து, ரெண்டாவது நகல்ல பெற்றுக்கொண்டேன்னு கையெழுத்து வாங்கலாமா?

பழைய செயலர் | செப்டம்பர் 18, காலை 6.05

தாராளமா வாங்கலாம். தேதி, நேரம் ரெண்டும் போடச் சொல்லுங்க. கூட்டம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே, எத்தனை பேர் உக்காந்திருக்காங்கன்னு எல்லார் முன்னாடியும் சத்தமா எண்ணுங்க. முடிஞ்சா கூட்ட நேரத்தை அந்த அக்காங்களுக்குத் தோதா மாத்தச் சொல்லி இப்பவே ஒரு கடிதம் குடுத்துருங்க. நோட்டுல இறந்து போனவர் கையெழுத்து இருக்குன்னு சொன்னீங்களே, அந்தப் பக்கத்தை மட்டும் தனியா நாலு நகல் எடுத்து பத்திரமா வச்சுக்கோங்க தம்பி.